முதல் பேனாக்கத்தி வாங்கப் போகிறீர்களா?

சட்டைப் பையில் மடக்கிப் போட்டுக்கொள்ள ஒரு சின்னக் கத்தி வேண்டும் என்று இணையத்தில் தேடினால், கருப்புப் பூச்சும் ரம்பப் பல்லுமாகப் பெரிய பெரிய கத்திகள்தான் முதலில் வந்து நிற்கின்றன. தினசரி வேலைக்கு அவை எதுவும் தேவையில்லை. பன்னிரண்டு வருடமாகப் பையில் ஒரு பேனாக்கத்தியோடு நடக்கிறவன் என்ற முறையில், புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

கடைக்குப் போகும் முன், ஒரு வாரத்தில் எதையெல்லாம் வெட்ட வேண்டி வந்தது என்று எழுதுங்கள். என் பட்டியல் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: பார்சல் டேப், செடி கட்டும் சணல், பால் பாக்கெட், மாம்பழம், அரிசிச் சாக்கின் தையல்.

அந்தச் சாக்குத் தையலைக் கொஞ்சம் கவனியுங்கள். சரியான பக்கத்து ஓரத்தில் நூலை அறுத்து இழுத்தால், மொத்தத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்குக் கத்தியின் முனை நூலுக்கு அடியில் நுழைய வேண்டும். முனை தடித்திருந்தால் நூல் அறுபடாமல் சாக்குதான் கிழியும். ஆகவே மெல்லிய அலகு, கூர்மையான முனை. தடிமனான கத்திதான் உறுதி என்று யாராவது சொன்னால், அதைக் கொண்டு ஒரு மாம்பழத்தை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழம் நசுங்கிப் பிளக்கும், துண்டு போடாது.

படி 2: நீளம்

அலகு 6 முதல் 7 சென்டிமீட்டர் இருந்தால் போதும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் 91 மில்லிமீட்டர் (இது மடக்கிய கத்தியின் நீளம்) மடக்குக் கத்திகளில் பெரிய அலகு இந்த அளவில்தான் இருக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டும் 58 மில்லிமீட்டர் வகை, டேப்புக்கும் நூலுக்கும் போதும், பழத்துக்குப் போதாது.

படி 3: லாக் வேண்டுமா?

லாக் என்பது, திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு. இதில் அவசரப்படாதீர்கள். விரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

லாக் இல்லாத பேனாக்கத்தியில், முதுகுப் பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் ஒன்றுதான் அலகை அழுத்தி நிறுத்துகிறது. கூர்ப்பக்கத்தைக் கீழே அழுத்தி வெட்டும்போது அலகு மடங்காது. முனையால் குத்தினாலோ, முதுகுப் பக்கம் அழுத்தம் வந்தாலோ மடங்கிவிடும். என் முதல் கத்தியால் ஒரு பிளாஸ்டிக் டிரம் மூடியில் துளை போடப் பார்த்தேன். முனை இறங்கவில்லை, அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் நடுக் கணுவில் இறங்கியது. மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது.

லாக் உள்ளவற்றில் புதியவர்களுக்கு எளிது, பிரான்சின் ஒபினெல் கத்தி. அலகு சுழலும் இடத்தில் ஒரு உலோக வளையம் இருக்கும். திருப்பினால் அலகு அசையாது. 1955-இல் வந்த அமைப்பு அது. இன்னொரு வகையில், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு விலகி வந்து அலகின் அடியை முட்டி நிற்கும். மூடுவதற்குக் கட்டைவிரலால் அந்தத் தகட்டைத் தள்ள வேண்டும். அப்போது விரல் அலகு வரும் வழியில் இருக்கும். அலகு லேசாக மடங்கியதும் விரலை எடுத்துவிட்டு, மற்ற கையால் மூடுங்கள்.

என் கருத்து: டேப், நூல், பழம் மட்டும் என்றால் லாக் இல்லாததே போதும். தோட்டம், மரவேலை உண்டென்றால் லாக் இருக்கட்டும்.

படி 4: எந்த எஃகு?

கார்பன் எஃகு நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் துருவும் பிடிக்கும். எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் சிறிது நேரத்திலேயே கறுத்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் முதல் கத்தியைத் துருப்பிடிக்காத எஃகிலேயே வாங்குங்கள். விக்டோரினாக்ஸின் எஃகு கொஞ்சம் மென்மையானது, சீக்கிரம் மழுங்கும். ஆனால் வீட்டுச் சாணைக்கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். அப்புறம் ஒன்று: ஒபினெல் போல மரப்பிடி உள்ளவை மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், அலகு திறக்க மறுக்கும். நிழலில் உலர்த்தினால் சரியாகிவிடும்.

படி 5: கடையில் பார்க்க வேண்டியவை

நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். நகம் வலிக்கக் கூடாது. முழுதும் திறந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். முனையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆடக் கூடாது. மூடி வெளிச்சத்தில் பிடித்தால், அலகு இரண்டு பக்கமும் உரசாமல் நடுவில் இருக்க வேண்டும். கைப்பிடியைச் சும்மா பிடித்துப் பார்த்தால் போதாது, ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். உள்ளங்கையில் குத்தும் ஓரம் அப்போதுதான் தெரியும்.

படி 6: எங்கே எடுத்துப் போகலாம்?

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை இதில் வரா. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். டெல்லியில் 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள அந்த வகைக்கு 1980-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரருக்கு வாங்குகிறீர்களா? அங்கே காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம் என்பது, லாக் இல்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான்.

விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். நீதிமன்றம், மெட்ரோ, பொதுக்கூட்டம் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் வாரம் உட்கார்ந்து திறந்து மூடிப் பழகுங்கள், மூடும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே. மாதம் ஒருமுறை கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும், தையல் இயந்திர எண்ணெய் நல்லது. பழம் நறுக்கும் முன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள். கூர் தீட்டும்போது, ஒரு ரூபாய் நாணயம் மூன்றை அடுக்கிய உயரத்துக்கு அலகின் முதுகைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். பிறகு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். கிழிக்காமல் வெட்டிக்கொண்டு போனால், சாக்குத் தையலுக்குக் கத்தி தயார்.