முன் சில்லு இழுக்காத எல்200: ட்ரான்ஸ்ஃபரைக் கழற்றுவதற்கு முன்னால்

மிட்சுபிஷி எல்200 கெப்பில் லீவரை 4எச்சுக்கு, அதாவது நாலு சில்லும் இழுக்கும் நிலைக்குப் போட்டதும், டேஷ்போர்டில் முன் சில்லு விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு நிலையாக எரிய வேண்டும். மினுக்கிக்கொண்டே கிடந்தால் முன் ஆக்ஸில் பூட்டவில்லை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத் தோட்டங்களிலிருந்து எங்கள் கராஜுக்கு வரும் பழைய கெப்புகளில் இதுதான் வழக்கமான முறைப்பாடு. ஜூன் மழையில் ரோடு சேறாகும்வரை யாருக்கும் ஃபோர் வீல் ஞாபகம் வருவதில்லை. வரும்போதே "ட்ரான்ஸ்ஃபர் போயிருச்சாம், ரீகண்டிஷன் ஒன்னு பார்க்கணுமாம்" என்று யாரோ சொன்னதையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். ட்ரான்ஸ்ஃபர் என்பது எஞ்சின் இழுவையை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி. முக்கால்வாசி நேரம் போயிருப்பது ஒரு முழம் ரப்பர் குழாய்தான்.

நான் சொல்வது 2006க்கு முந்திய, 4டி56 டீசல் எஞ்சின் உள்ள, லீவர் போட்ட கெப்பைப் பற்றி. இதில் இரண்டு பூட்டு இருக்கிறது. லீவர் நேராக ட்ரான்ஸ்ஃபருக்குள் முன் ஷாஃப்டைப் பூட்டும். அது வெறும் இரும்பு வேலை. இன்னொரு பூட்டு முன் ஆக்ஸிலில். அங்கே ஒரு வளையத்தைத் தள்ளி இழுப்பது வெக்குயம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுவை. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் பம்ப் உறிஞ்சுகிறது, இரண்டு சொலனாய்ட் வால்வு (கரண்டில் இயங்குவது) திறந்து மூடுகிறது, ஆக்ஸிலில் உள்ள டப்பா இழுக்கிறது. பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். அதனால் பிரேக் பெடலும் கல்லாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு முதலில் பம்பைப் பாருங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் நல்லதா என்று பார்க்க ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். முன் சில்லு இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, லீவரை 4எச்சில் போட்டு, முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். திரும்பாமல் இறுகி நின்றால் ட்ரான்ஸ்ஃபர் பிடிக்கிறது. சில வேளை பல்லுக்குப் பல் முட்டி நிற்கும். ஒருவர் ஷாஃப்டை லேசாக அசைக்க, இன்னொருவர் லீவரைப் போட்டால் விழுந்துவிடும். அப்படியும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருந்தால்தான் ட்ரான்ஸ்ஃபர் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, வெளியே வந்து, மெயின் கியர் நியூட்ரலில் இருக்க எஞ்சினை ஐட்லில் ஓட விடுங்கள். லீவர் 4எச்சிலேயே இருக்கட்டும். ஒரு முன் சில்லைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சும்மா நின்றால் ஆக்ஸில் பூட்டவில்லை. விளக்கு என்ன சொன்னாலும் இந்தச் சில்லு சொல்வதுதான் சரி.

இனி வெக்குயம். எஞ்சினை நிறுத்தி, ஆக்ஸில் டப்பாவிலிருந்து மேலே போகும் குழாய்களைக் கையாலேயே தடவிக்கொண்டு போங்கள். வளைவிலும் நுனியிலும் நகத்தால் அழுத்தினால் வெடிப்பு தெரியும். லயத்துப் பக்கம் இரவில் நிற்கும் வண்டியென்றால் எலி கடித்த இடமும் இருக்கும். நுனி மட்டும் தளர்ந்திருந்தால் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு மறுபடி சொருகலாம். நடுவில் வெடித்திருந்தால் முழுக் குழாயையும் மாற்றுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேலைக்காகாது. எந்தக் குழாய் எங்கே என்று கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாறிவிட்டால் பூட்ட வேண்டிய நேரத்தில் அவிழ்க்கும்.

குழாய் நல்லதென்றால், டப்பாவின் இரண்டு குழாயையும் கழற்றி, கை வெக்குயம் பம்பை ஒரு வாயில் மாட்டி இழுங்கள். மறு வாய் திறந்தே இருக்கட்டும். ஒரு வாயில் இழுத்தால் பூட்டும், மற்றதில் இழுத்தால் அவிழும். பம்பின் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தால் டப்பாவுக்குள்ளே டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது, டப்பாவை மாற்ற வேண்டியதுதான். முள் நின்றும் வளையம் அசையாவிட்டால் துரு. டப்பா நன்றாக வேலை செய்தால் மிச்சம் சொலனாய்ட்தான்: சொக்கெட்டைக் கழற்றி 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்கிறது, ஆனால் ஊதினால் காற்றுப் போக்கு மாறவில்லை என்றால் உள்ளே அழுக்கு.

சில்லுச் சோதனை சரியாக வந்தும் விளக்கு மினுக்கினால் ஆக்ஸிலில் உள்ள ஸ்விட்சையும் அதன் வயரையும் பாருங்கள். சிலர் அந்த இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து விளக்கை "சரியாக்கி"க் கொடுப்பதுண்டு. பிறகு சேற்றில் பின் சில்லு மட்டும் சுழலும்போது விளக்கு அழகாக எரிந்துகொண்டிருக்கும்.

வேலை முடிந்ததும் கிரவல் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். அங்கே திருப்பத்தில் முன்னும் பின்னும் வேகம் ஒத்துப்போகாமல் ஷாஃப்ட் முறுக்கேறி, லீவர் 4எச்சிலேயே இறுகிவிடும். அப்படி இறுகினால் லீவரோடு மல்லுக்கட்டாமல், ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், கழன்றுவிடும்.