நாக்குக்கு ஓர் இடம் உண்டு

வேலூர் சத்துவாச்சாரியில் பேச்சுப் பயிற்சி அளிக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலரைப் பல் மருத்துவர்கள்தாம் அனுப்புகிறார்கள். கிளிப் போட்டுச் சீராக்கிய முன்பற்கள் மறுபடி விலகுகின்றன என்றால், நாக்கு அவற்றைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன் உதடுகளை லேசாகப் பிரித்தபடி விழுங்கச் சொல்லுங்கள். பல் இடுக்கில் நாக்கு எட்டிப் பார்த்தாலோ, உதடு இறுகி மோவாய் சுருங்கினாலோ சந்தேகப்படலாம். கைக்குழந்தைகள் எல்லோரும் இப்படித்தான் விழுங்குவார்கள். பெரும்பாலும் ஆறு வயதை ஒட்டி மாறிவிடும்.

பயிற்சிக்கு முன்னால் மூக்கைக் கவனியுங்கள். அடினாய்டோ (மூக்கின் பின்புறம் உள்ள சதை) டான்சிலோ வீங்கியிருந்தால், தீராத சளி இருந்தால், பிள்ளை வாயால்தான் மூச்சு விடும். அதனிடம் "வாயை மூடு" என்று அதட்டுவது அநியாயம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்த பிறகு வாருங்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு நாக்கை இழுத்துப் பிடித்திருக்கிறதா, விரல் சூப்பும் பழக்கம் உண்டா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நாக்கின் இடம். "த" என்று சொன்னால் நுனி பல்லைத் தொடும், அது வேண்டாம். "ல" என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு மேடு தட்டுப்படும். நுனி அங்கே, மீதி நாக்கு மேலண்ணத்தில், உதடுகள் மூடி, மூச்சு மூக்கில். பாடம் படிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் நாக்கு அங்கேயே இருக்கட்டும். விழுங்கும் நொடிகளைவிட, சும்மா இருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் நாக்கு பல்லின்மேல் சாய்ந்திருப்பதுதான் பல்லை அதிகம் நகர்த்துகிறது என்பதால், மற்றப் பயிற்சிகளைவிட இதில்தான் நான் கறாராக இருப்பேன்.

அடுத்து, நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி, "டொக்" என்று விடுவிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். வீட்டில் சத்தம் தாங்காது. பிறகு, கிளிப்புக்குப் போடும் சிறு ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து அந்த மேட்டில் அழுத்திக்கொண்டே, கடைவாய்ப் பற்களைச் சேர்த்து எச்சிலை விழுங்க வேண்டும். காதுக்குக் கீழே தாடையில் விரல் வைத்தால் தசை புடைப்பது தெரியும். வளையம் நழுவினால் நாக்கும் நழுவிவிட்டது என்று பொருள். இதைப் பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வளையம் வேண்டாம், மேட்டில் ஒரு துளி வெல்லப்பாகு தடவி நக்கச் சொன்னால் போதும்.

மெல்லும் பயிற்சிக்குக் கேழ்வரகுக் களி உதவாது. அதை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆற்காடு மக்கன் பேடாவும் மெல்லாமலே கரைந்துவிடும். தேங்காய்ச் சில்லு, வெள்ளரி, சப்பாத்தி நல்லவை. சிறு வாயாக எடுத்து, உதட்டை மூடி, இரு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

தினம் இரண்டு மூன்று வேளை, ஐந்தைந்து நிமிடம் போதும். ஆனால் பல மாதம் பிடிக்கும்.

பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால், அது வேறு சிக்கல். இவற்றில் எதையும் முயலாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.