கேம் விளம்பரத்துக்கு கிளிக் வருகிறது, ஆட ஆள் வரவில்லையா? முதல் விளம்பரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் சொந்தமாக மொபைல் கேம் செய்கிற பிள்ளைகளை இப்போது பார்க்க முடிகிறது. பெரும்பாலும் கேரம், இல்லையென்றால் கால்பந்து, பாக்சிங். இதில் ஆச்சரியம் இல்லை. கேரமில் இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டம் தெருவிலேயே இருக்கிறது, கேம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். கையில் இருக்கிற ஐயாயிரத்தை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போடும்போதுதான் சறுக்குகிறது. "அண்ணா, கிளிக் நிறைய வருது, ஆடுறவங்கதான் யாருமில்ல" என்று வந்து நிற்பார்கள்.

அப்படி நிற்கும்போது எல்லோரும் முதலில் செய்வது விளம்பரப் படத்தை மாற்றுவது. அங்கேதான் பணம் மறுபடி வீணாகிறது. விளம்பரத்தைப் பார்த்தார், தொட்டார், பிளே ஸ்டோர் திறந்தது, இன்ஸ்டால் செய்தார், முதல் ஆட்டம் ஆடினார், மறுநாளும் வந்தார் என்று இதில் பல படிகள் உண்டு. எந்தப் படியில் ஆள் கழன்றுகொள்கிறார் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டு வேலைதான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் ஆட்ஸ் மேனேஜர் காட்டும் கிளிக் எண்ணிக்கையையும், கேம் செய்தவருக்கான கூகுளின் பிளே கன்சோல் காட்டும் ஸ்டோர் பக்கப் பார்வை, இன்ஸ்டால் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கிளிக்கே இல்லையென்றால் படத்தில் குறை. கிளிக் இருந்து ஸ்டோர் பார்வை இல்லையென்றால் லிங்க்கிலோ விளம்பரம் வருகிற இடத்திலோ குறை. பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யவில்லையென்றால் ஸ்டோர் பக்கத்தில் குறை: மங்கலான ஸ்கிரீன்ஷாட், தமிழில் ஒரு வரிகூட இல்லாத விவரம், பெரிய ஆப் அளவு.

போட்ட பதிவையே விளம்பரமாக்கும் பூஸ்ட் போஸ்ட் பட்டன் கண்ணுக்கு எதிரிலேயே இருப்பதால் பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். என்ன கேட்கிறோமோ அதைத்தான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா தேடித் தரும். என்கேஜ்மென்ட் என்று கேட்டால் லைக் போடும் பழக்கம் உள்ளவர்கள் வருவார்கள், டிராஃபிக் என்று கேட்டால் எதையும் தொட்டுப் பார்ப்பவர்கள் வருவார்கள். இன்ஸ்டால் வேண்டுமென்றால் ஆட்ஸ் மேனேஜருக்குள் போய் ஆப் ப்ரொமோஷன் என்ற நோக்கத்தை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆப்பை மெட்டாவின் டெவலப்பர் தளத்தில் பதிவு செய்து, எஸ்டிகே என்ற மெட்டாவின் நிரல் தொகுப்பை ஆப்பில் சேர்த்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான். அது இல்லாவிட்டால் யார் இன்ஸ்டால் செய்தார்கள் என்பது மெட்டாவுக்கே தெரியாது.

டிராஃபிக் நோக்கத்தோடு ஆடியன்ஸ் நெட்வொர்க்கையும் சேர்த்து ஓட்டுவது இன்னொரு பெரிய ஓட்டை. விளம்பரம் வேறு ஆப்களுக்குள் போய் நிற்கும். அம்மாவின் போனில் ஆடிக்கொண்டிருக்கும் குழந்தை மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தேடிக் கை தவறித் தொட்டால் அதுவும் ஒரு கிளிக். ஆட்ஸ் மேனேஜரின் பிரேக்டவுனில் பிளேஸ்மென்ட், அதாவது விளம்பரம் வந்த இடம், வாரியாகப் பிரித்துப் பார்த்தால் கிளிக் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

இணையத்திலேயே ஆடுகிற கேமாக இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொட்டால் பக்கம் பெரும்பாலும் குரோமில் திறக்காது, இன்ஸ்டாகிராமின் உள் உலாவியில்தான் திறக்கும். அங்கே 'கூகுள் மூலம் உள்நுழைக' என்ற பட்டனை அழுத்தினால் கூகுள் பாதுகாப்பு கருதி மறுத்துவிடும். 403 என்று ஒரு பிழைச் செய்தி வரும், ஆடவந்தவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். கேம் செய்தவர் எப்போதும் தன் கணினியில் குரோமில் சோதிப்பதால் இது அவர் கண்ணில் படவே படாது. முதல் ஆட்டத்துக்கு லாகினே கேட்காதீர்கள். ஆடிப் பிடித்த பிறகு பெயரைக் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

அடுத்து, பொறுமை. புதிய விளம்பரம் கொஞ்ச நாள் லேர்னிங் நிலையில் இருக்கும். யாருக்குக் காட்டினால் பலன் வருகிறது என்று மெட்டா தேடிக்கொண்டிருக்கும் காலம் அது. ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே ஆட்களுக்கு, ஒரே பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) ஒரு வாரத்தில் சுமார் 50 இன்ஸ்டால் வந்தால்தான் அது நிலைக்கு வரும். கணக்குக்காக ஒரு இன்ஸ்டாலுக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். தினம் 200 ரூபாய் போட்டால் வாரத்துக்கு 70 இன்ஸ்டால், ஒரே ஆட் செட்டாக இருந்தால் 50-ஐத் தாண்டிவிடும். அதே 200 ரூபாயை மாணவர்களுக்கு ஒன்று, கேரம் பிரியர்களுக்கு ஒன்று என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 17, 18-தான் வரும், நான்கில் எதுவும் தேறாது. ராத்திரி பட்ஜெட்டைப் பெரிதாகக் கூட்டி, காலையில் வயதை மாற்றி, மத்தியானம் வீடியோவை மாற்றினால் லேர்னிங் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் சில நாள் கை வைக்காதீர்கள்.

நம் ஏரியா ஆட்கள் ஆடட்டும் என்ற ஆசையில் மேப்பில் ராயபுரத்தில் புள்ளி வைத்துச் சின்ன வட்டம் போடுவதையும் பார்க்கிறேன். அந்த வட்டத்தில் பாதி கடலில்தான் விழும். மீதியில் இருப்பவர்களுக்கே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகும், ஃப்ரீக்வென்சி ஏறிக்கொண்டே போகும். ஆன்லைன் கேமுக்கு எதற்கு வட்டம்? தமிழ்நாடு முழுவதையும் எடுங்கள், வயதை 18-க்கு மேல் வையுங்கள். ஊர் வாசனை வீடியோவில் இருந்தால் போதும்.

அந்த வீடியோவும் லோகோவில் தொடங்கக் கூடாது. முதல் மூன்று நொடிக்குள் ஸ்ட்ரைக்கர் அடிபட வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பவுடர் தூவிய போர்டு, ரெட் பாக்கெட்டுக்குள் விழுகிறது, ஃபாலோ போட ஒரே ஒரு காயின் பாக்கி, அப்படியே அந்தக் காட்சி போன் திரைக்கு மாறுகிறது. இது போதும். ரீல்ஸுக்கு 9:16 அளவில் எடுத்து, எழுத்தை அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் பட்டன்கள் மறைத்துவிடும். பின்னால் சினிமாப் பாட்டோ பிரபல கானாவோ போடாதீர்கள். சொந்த ரீலில் ஓடுகிற பாட்டை விளம்பரத்தில் போட உரிமை கிடையாது, மெட்டா ஒலியை அணைத்துவிடலாம், விளம்பரத்தையே எடுத்தும் விடலாம். காயின் மோதுகிற சத்தமே அழகுதான். விளையாட்டு வீரர்களின் படத்தையும் அனுமதி இல்லாமல் போட வேண்டாம்.

விளம்பரம் ரிஜெக்ட் ஆனால் அதே படத்தை மறுபடி ஏற்றுவதும், இன்னொரு கணக்கு திறப்பதும் இருக்கிற கணக்கையும் முடக்கிவிடும். காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 'ஜெயித்தால் காசு', 'தினமும் சம்பாதிக்கலாம்' போன்ற வரிகள்தான் மாட்டும். இதில் விளையாட்டுத்தனம் வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில், பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ்நாட்டிலும் 2023 முதல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. ரம்மி ஆப்புக்கு ரீல் போட்டால் கமிஷன் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆன்லைன் ரம்மியில் வீட்டையே இழந்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் உண்டு. உங்கள் கேமில் வரும் நாணயங்களைக் காசாக மாற்ற முடியாது என்றால் அதை ஸ்டோர் விவரத்தில் தெளிவாக எழுதுங்கள்.

பணக் கணக்கில் ஒன்றிரண்டு. விளம்பரச் செலவுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். தினசரி பட்ஜெட் ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் செய்யும், வாரக் கணக்கில் ஏழு மடங்கைத் தாண்டாது. அதனால் ஒரு நாள் அதிகம் பிடித்தது என்று பதறி நிறுத்த வேண்டாம்.

இன்ஸ்டால் வந்தும் மறுநாள் யாரும் திரும்பவில்லையென்றால் அது விளம்பரத்தின் குறை அல்ல. விளம்பரத்தை நிறுத்திவிட்டு பிளே கன்சோலில் வைட்டல்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆப் ஆடும்போதே தானாக மூடிக்கொள்ளும் (கிராஷ்) விகிதம் 1.09%-ஐத் தாண்டினால் கூகுள் ஸ்டோரில் உங்களைக் காட்டுவதையே குறைக்கக்கூடும். அப்புறம் சாயங்காலம் பக்கத்து கேரம் கிளப்புக்குப் போய், பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கேமைக் கொடுங்கள். எப்படி ஆடுவது என்று வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்தத் திரையில் உங்கள் முகத்தைப் பார்க்கிறான், எப்போது போனைத் திருப்பித் தருகிறான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதையெல்லாம் சரிசெய்து புது வெர்ஷன் ஏற்றிய பிறகு அடுத்த 200 ரூபாயைப் போடலாம்.