சாவி கொடுத்தும் ஓடாத செல்ஃப் டைமர்: பழைய ஃபிலிம் கேமராவில் நாம் செய்யும் தவறுகள்

ஆடிப்பெருக்கன்று கும்பகோணம் சக்கரப் படித்துறையில் குடும்பமே வரிசையாக நின்றது. கையில் மஞ்சள் கயிறு, பக்கத்தில் சித்ரான்னத் தூக்கு. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்த யாஷிகா டி ஃபிலிம் கேமரா, ஸ்டாண்டின் மேல். லீவரை டைமருக்கான ‘வி’க்குத் தள்ளி பட்டனை அமுக்கிவிட்டு ஓடிப்போய் அத்தை பக்கத்தில் நின்றேன். ‘கர்ர்’ என்று ஒரு நொடி கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள், ஷட்டர் மட்டும் அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டை லீவர் இடுக்கில் விட்டேன். டைமர் அருமையாக ஓடியது. இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஷட்டரே திறக்கவில்லை. எண்ணெய் மெல்லப் பரவி ஷட்டர் இதழ்களுக்கு நடுவே போய், அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருந்தது. டைமர் இல்லாமலாவது படம் எடுத்துக்கொண்டிருந்த கேமரா, அதுவும் இல்லாமல் போனது.

பழைய கேமராவின் செல்ஃப் டைமர் என்பது ஒரு குட்டிக் கடிகாரம். லீவரைத் திருப்பும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கிறீர்கள். ஸ்பிரிங் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடாமல் இருக்க, வரிசையாகப் பல்சக்கரங்கள். கடைசிச் சக்கரத்தின் பல்லை நங்கூரம் போன்ற ஒரு சிறு துண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த ஆட்டம்தான் நமக்குக் கேட்கும் ‘கர்ர்’. பெரும்பாலான கேமராக்களில் எட்டிலிருந்து பன்னிரண்டு நொடி ஓடி, கடைசியில் ஒரு கொக்கி ஷட்டரை விடுவிக்கும். நாற்பது ஐம்பது வருடம் அலமாரியில் கிடந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகும். ஸ்பிரிங் போதிய பலத்தோடு இருந்தாலும் சக்கரங்கள் நகராது. டைமர் பழுது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான்: உடைசல் இல்லை, பிசுக்கு.

இதைக் கண்டுபிடிக்க நம் ஊர்ப் பருவமே உதவும். மார்கழி விடியற்காலையில் பாதியில் நிற்கிற டைமர், அதே நாள் உச்சிவெயிலில் முழுசாக ஓடினால் கிரீஸ்தான் குற்றவாளி. குளிரில் அது இன்னும் கெட்டியாகிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டதும் கேமராவை வெயிலில் காயவைப்பது, தலைமுடி உலர்த்தும் மெஷினைக் காட்டுவது என்று இறங்கிவிடக் கூடாது. சூட்டில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களுக்கு ஓடும். லென்ஸ் துண்டுகளை ஒட்டியிருக்கும் பசையும் சூட்டுக்கு ஆகாது.

பழுது என்று முடிவு செய்யும் முன்னால், உண்மையிலேயே பழுதுதானா என்று பாருங்கள். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்றவற்றில் லீவரைத் திருப்பினால் அதன் அடியில் மறைந்திருந்த ஒரு சின்ன பட்டன் வெளியே தெரியும். அதை அமுக்கினால்தான் டைமர் கிளம்பும். மேலே இருக்கும் வழக்கமான பட்டனை அமுக்கிவிட்டு, ‘டைமர் வேலை செய்யவில்லை, உடனே அடித்துவிட்டது’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிக்கான் எஃப்எம்2-வில் கதை வேறு. அங்கே வழக்கமான பட்டனே டைமரைக் கிளப்பும், கிளம்பியதுமே உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போய்விடும், வியூஃபைண்டர் இருட்டாகும். பயந்துபோய் லீவரைப் பிடித்து இழுக்காதீர்கள். அது அப்படித்தான். கடைசி நொடியில் கண்ணாடி அடிக்கும் அதிர்வு இல்லாமல் படம் எடுக்க அதையே ஒரு வசதியாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. 1976-இல் வந்த பென்டாக்ஸ் கே1000-இல் டைமரைத் தேடிச் சலித்துப்போகவும் வேண்டாம், அதில் டைமரே கிடையாது. நம் வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கும் ஆக்ஃபா கிளிக் 3-க்கும் அதே பதில்.

எந்த வரிசையில் எதைத் தொடுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள கேமராக்களில், அதாவது யாஷிகா, ரோலிகார்டு போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களிலும் பழைய மடிப்புக் கேமராக்களிலும், எம், எக்ஸ், வி என்று மூன்று எழுத்துள்ள ஒரு சின்ன லீவர் பெரும்பாலும் இருக்கும். எம் அந்தக் கால ஃப்ளாஷ் பல்புக்கு, எக்ஸ் எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு, வி டைமருக்கு. ஃபோர்லாஃப்வெர்க் (Vorlaufwerk) என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. முதலில் ஷட்டரை ஏற்ற வேண்டும், அதாவது அதன் ஸ்பிரிங்கை இழுத்துத் தயாராக வைக்க வேண்டும், பிறகுதான் வி. ஏற்றாமல் வி-க்குத் தள்ளப் பார்த்தால் லீவர் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிப்பதை பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே ஒரு பல் மழுங்கும், அல்லது ஒரு கொக்கி வளையும். அதற்கு உதிரி பாகம் எங்கே போய்த் தேடுவது?

இந்த வகை ஷட்டரில் இன்னொரு ஆபத்து. இங்கே டைமர் ஷட்டரின் வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், படமே எடுக்க முடியாது. முன்பக்கத்தில் தனி லீவர் வைத்த பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராக்கள்) டைமரைத் தொடாமல் விட்டால் மற்ற வேலையெல்லாம் நடக்கும். அதனால் எந்தக் கேமரா என்று தெரியாமல் பொதுவாக ‘டைமர்தானே, போட்டுப் பார்ப்போம்’ என்பது சரியில்லை. மூடப்படும் ஒரு ஸ்டுடியோவிலிருந்தோ சந்தையிலிருந்தோ பழைய யாஷிகாவை வாங்கும்போது, கடைக்காரர் முன்னாலேயே வி-யைத் தள்ளிப் பார்க்கும் ஆசை வரும். எனக்கும் வரும். தள்ளாதீர்கள். ஷட்டர் வேகங்களை எல்லாம் சோதியுங்கள், அந்த லீவரைக் கடைசிவரை எக்ஸிலேயே விடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டதா? விரல் நுனியால் லீவரை அது போக வேண்டிய திசையிலேயே மிக மெல்லத் துணை கொடுங்கள், தள்ளாதீர்கள். பல நேரம் முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்து ஷட்டரை விடுவித்துவிடும். திருப்பி எதிர்த்திசையில் இழுப்பதுதான் கேடு. எஸ்எல்ஆரில் கனத்துப்போன டைமராக இருந்தால், ஃபிலிம் இல்லாமல் பத்து இருபது முறை சாவி கொடுத்து ஓடவிட்டாலே இளகிவிடுவது உண்டு. ஓட ஓட நேரம் சீராகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பல்லில் தூசியோ மணலோ இருக்கும். கடைசிவரை ஓடியும் ஷட்டர் அடிக்காவிட்டால் குற்றம் கடிகாரத்தில் இல்லை, அதையும் ஷட்டரையும் இணைக்கும் கொக்கியில். அதை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, எதுவுமே வேண்டாம். ஷட்டர் இதழ்கள் எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்து இருக்க வேண்டியவை. என் யாஷிகாவை ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் கொண்டுபோய் வைத்தபோது, கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு பார்த்தவர் முதலில் கேட்டது, “யாருப்பா இதுல எண்ணெய ஊத்துனது?” நான் வாயைத் திறக்கவில்லை.

பிசுக்கைக் கரைக்கிறேன் என்று பெட்ரோலும் தின்னரும் எடுப்பவர்கள் அடுத்த ரகம். பெட்ரோல் காய்ந்தபின் படிவை விட்டுப்போகும். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் தின்றுவிடும். கேமராக்காரர்கள் பயன்படுத்துவது சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம். அதுவும் பூஜை விளக்கும் கொசுவத்தியும் இல்லாத, ஜன்னல் திறந்த அறையில். ஆனால் அதை வெளியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால் பிசுக்கு கரைந்து வேறு மூலையில் போய் உட்காரும், காய்ந்ததும் மறுபடி இறுகும். முறையான வழி, டைமர் பகுதியைத் தனியே கழற்றி, கழுவி, உலர்த்தி, சக்கரங்களின் அச்சு முனையில் மட்டும் ஊசி நுனி அளவு கடிகார எண்ணெய் வைப்பது. கடிகாரம் பழகிய கைக்கு இது புதிதல்ல. என்ன, ‘இதழ்ப் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது’ என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாமே கழற்றலாமே என்றால், ஜப்பானிய கேமராக்களின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கு சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் முழுசாகப் பொருந்தாது, வழுக்கித் தலையைச் சிதைக்கும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) என்று கேட்டு வாங்க வேண்டும். டைமர் லீவரின் நடு ஸ்க்ரூவுக்குச் சில மாடல்களில் மரை தலைகீழாக இருக்கும், எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அசையவில்லை என்று அதே பக்கம் பலத்தைக் கூட்டாதீர்கள்.

பேட்டரியில் ஓடும் டைமர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேனன் ஏஇ-1 ஆறு வோல்ட் பேட்டரி இல்லாமல் ஷட்டரையே அடிக்காது, மினோல்டா எக்ஸ்-700-க்கு எல்ஆர்44 என்ற பட்டன் பேட்டரி இரண்டு. முதலில் புது பேட்டரி, பிறகு பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். களிம்பைக் காதுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து உலரவிடலாம். எக்ஸ்-700-இல் புது பேட்டரி போட்டும் ஷட்டர் பூட்டிக்கொண்டால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதற்குச் சால்டரிங் தெரிந்தவர் வேண்டும்.

நம் பக்கத்துக்கென்றே சில தவறுகள் உண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கேமராவுக்கு ஈரம் ஏறிவிட்டது என்று அரிசிப் பானைக்குள் புதைப்பது அதில் முதல். நெல் விளையும் ஊரில் அரிசிதான் எல்லாவற்றுக்கும் மருந்து! அரிசியில் ஒட்டியிருக்கும் தவிட்டுத் தூசி லீவர் இடுக்கு வழியாக நேரே பல்சக்கரத்துக்குப் போகும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். தோல் உறையோடு வைக்க வேண்டாம், அது ஈரத்தைக் குடித்துப் பூஞ்சைக்கு வீடு கொடுக்கும். பட்டுப்புடவை அலமாரியில் பூச்சி உருண்டையோடு வைப்பதும் ஆகாது, அந்த ஆவி லென்ஸில் படியும்.

அப்புறம் மணல். தண்ணீர் வராத மாதங்களில் ஆற்று மணலில் ஸ்டாண்டை நட்டுவிட்டு டைமரைப் போடுவோம். பத்து நொடியில் ஒரு கால் மெல்ல இறங்கி, படத்தில் எல்லோரும் சாய்ந்து நிற்பார்கள். காலுக்குக் கீழே மூன்று தட்டையான ஓட்டாஞ்சில்லு வைத்தால் போதும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஸ்டாண்டு எம்மாத்திரம்? நடுத்தண்டில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மணலில் ஒருமுறை விழுந்த கேமராவுக்கு உடனே சாவி கொடுக்கக் கூடாது. ரப்பர் ஊதியால் நன்றாக ஊதி, லீவர் இடுக்கைத் தூரிகையால் துடைத்த பிறகுதான்.

என் யாஷிகா கழுவப்பட்டு மறுபடி படம் எடுக்கிறது. வி-யை மட்டும் தொடுவதில்லை. அந்த லீவர் எக்ஸை விட்டு நகராமல் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். குடும்பப் படத்துக்கு, ஷட்டர் பட்டனில் திருகி மாட்டும் காற்றுக்குழாய் ரிலீஸ், ஆறு மீட்டர் நீளம், முனையில் ஒரு ரப்பர் பந்து. போன ஆடிப்பெருக்குக்கு அப்பாதான் பந்தை வைத்துக்கொண்டார். குழாய் நீளம் என்பதால் அமுக்கியதும் ஒரு கணம் தாமதித்துத்தான் ஷட்டர் அடிக்கும். அவர் ‘அடிச்சுடுச்சா?’ என்று கேட்க வாயைத் திறந்த நேரத்தில் அடித்திருக்கிறது.