ஹைப்ரிட் காரின் மைலேஜ் திரையை எவ்வளவு நம்பலாம்: வீட்டிலிருந்தே சரிபார்க்கும் முறை

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வாங்கியவர்களிடம் சில மாதங்கள் கழித்து விசாரித்தால், கோவையானாலும் திருப்பூரானாலும் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "மீட்டர்ல இருபத்தாறு காட்டுதுங்க, டேங்க் ஃபுல் பண்ணிக் கணக்குப் பார்த்தா இருபத்துநாலு, இருபத்தஞ்சுக்கு மேல வர்றதில்லீங்க." உடனே கார் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள், பங்கில் அளவு குறைகிறது என்று வேறு சிலர் சண்டைக்கே போகிறார்கள். அதற்கெல்லாம் முன்பாக, திரைக்கும் டேங்குக்கும் உள்ள இடைவெளி உங்கள் காரில் எத்தனை சதவீதம் என்பதை ஒருமுறை ஒழுங்காகக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சதவீதம் ஒரே காரில் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே சில சதவீதம் கூட்டிக் காட்டும் திரையும் பயன்படக்கூடிய திரைதான்.

திரையில் தெரியும் எண்ணுக்காக டேங்கிலுள்ள பெட்ரோலை எந்தக் கருவியும் அளப்பதில்லை. எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி, பெட்ரோலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எத்தனை நேரம் திறந்து வைக்கிறது என்பது அதற்கே தெரியும். இன்ன அழுத்தத்தில் இத்தனை நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் போகும் என்று தொழிற்சாலையில் கொடுத்த அளவை வைத்து அது கூட்டிக்கொண்டே வருகிறது. ஓடிய தூரத்தைச் சக்கரம் சுற்றிய கணக்கிலிருந்து எடுத்து, இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்துக் காட்டுகிறது. தூரக் கணக்கு திரைக்கும் ஓடோமீட்டருக்கும் பொதுவானது என்பதால், திரையின் மைலேஜுக்கும் நீங்கள் டேங்க் நிரப்பிப் போடும் கணக்குக்கும் இடையில் வரும் வேறுபாடு முழுக்க முழுக்கப் பெட்ரோல் கணக்கில் வரும் வேறுபாடே. டயர் தேய்ந்ததால் இடைவெளி வந்தது என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

சாதாரணப் பெட்ரோல் காரிலும் கணக்கு இப்படித்தான் நடக்கிறது. ஹைப்ரிட்டில் மட்டும் மனிதரைக் குழப்பும் ஒன்று கூடுதலாக இருக்கிறது: பேட்டரி. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகைகளில் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 0.76 கிலோவாட் மணி. அதை முழுவதும் நிரம்பவோ முழுவதும் தீரவோ கார் விடாது; பாதியளவு ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால் 0.38 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது என்றாலும், எஞ்சின் வழியாக அதில் மூன்றேகால் கிலோவாட் மணி அளவுதான் பயன்படும் ஆற்றலாக வெளியே வருகிறது. அப்படிப் பார்த்தால் பேட்டரியின் ஏற்ற இறக்கம் சுமார் 120 மில்லி பெட்ரோலுக்குச் சமம்.

இந்த 120 மில்லி சிறிய அளவாகத் தெரியலாம். ஆனால் ஊருக்குள் 10 கிலோமீட்டர் போய்வர, 25 மைலேஜ் கணக்கில், 400 மில்லிதான் செலவாகும். பேட்டரி நிரம்பிய நிலையில் புறப்பட்டு இறங்கிய நிலையில் போய்ச் சேர்ந்தால் எஞ்சின் 280 மில்லி மட்டும் குடித்து, திரை 35-ஐத் தாண்டிக் காட்டும்; அதற்கு நேர்மாறாக நடந்தால் 520 மில்லி போய் 19 காட்டும். ஆர்.எஸ். புரத்திலிருந்து பீளமேட்டுக்குக் காலையில் 35, மாலையில் 19 என்று ஒருவர் சொன்னால் காரில் கோளாறு தேட வேண்டியதில்லை. ஒரே டேங்கில் 600 கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் அதே 120 மில்லி அரை சதவீதத்தில் அடங்கிவிடும். எனவே ஒற்றைப் பயண எண்ணைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போடுவதில் தவறில்லை. அதை வைத்து வாதாடுவதில்தான் தவறு.

மேடு பள்ளமும் இதே வேலையைச் செய்யும். கோவை கடல் மட்டத்துக்கு மேல் 410 மீட்டர் அளவில் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஈரோடு 180 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவில் 1,600 கிலோ எடையுள்ள காரும் ஆட்களும் 230 மீட்டர் இறங்குகிறார்கள். திரும்பி வரும்போது அதே உயரத்துக்கு ஏற வேண்டும். அந்த ஏற்றத்தின் விலை ஏறக்குறைய 0.3 லிட்டர், அதாவது அந்தப் பயணத்துக்கு ஆகும் நாலரை லிட்டரில் ஆறேழு சதவீதம். போகும்போது நன்றாகக் கொடுக்கிறது, வரும்போது கொடுப்பதில்லை என்று ஈரோட்டுப் பயணத்தைப் பற்றிச் சொல்லப்படுவது பிரமை அல்ல. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்று இதோடு சேர்ந்துகொள்ளும். தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்குக் காற்றை எதிர்த்து ஓட்டியவர் அந்த ஒரு வழியை மட்டும் வைத்து மைலேஜ் பேசக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் பயணங்களை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஊட்டி மலைப்பாதையில் இது உச்சத்துக்குப் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். சமதளத்தில் 50 கிலோமீட்டருக்குச் செலவாகும் இரண்டு லிட்டரோடு, உயரத்துக்காக மட்டும் இன்னும் இரண்டரை லிட்டர் வரை போகும். ஏறும்போது திரை 11, 12 என்று காட்டினால் அது உண்மையே. இறங்கும்போது பிரேக்கின் ஆற்றல் பேட்டரிக்குப் போகிறது, ஆனால் அவ்வளவு சிறிய பேட்டரி சில நூறு மீட்டர் உயரம் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். குன்னூரைத் தாண்டி பர்லியாறு வருவதற்குள் எஞ்சின் திடீரென்று இரைச்சலோடு சுற்றத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பெட்ரோல் வீணாகிறதே என்று பலர் பதறும் இடம் இது. உண்மையில் அப்போது ஒரு சொட்டும் செலவாவதில்லை. மிஞ்சிய ஆற்றலைக் கரைக்க, மோட்டார் எஞ்சினைச் சும்மா சுழற்றி வண்டியைக் கட்டுப்படுத்துகிறது. செலவு பூஜ்யம் என்பதால் அந்த நேரத்து மைலேஜ் எண் திரையின் எல்லையில் போய் நின்றுவிடும். மலைக்குப் போனால் மேட்டுப்பாளையத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்பி, திரும்பி வந்து அங்கேயே நிரப்பிப் பாருங்கள்.

இனி அளக்கும் முறை. வீட்டிலிருந்து எளிதில் போகக்கூடிய, தரை மட்டமாக உள்ள ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, விடிகாலையில் போய், எந்தப் பம்பில் எந்தக் கன்னில் போடுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவதால் ஒரே பங்கு, ஒரே நேரம் என்பது நல்லது. ஆனாலும் நிலத்தடித் தொட்டியில் வெப்பம் அவ்வளவாக மாறாததால் இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முக்கியமானது ஆட்டோ கட். முதல் முறை கன் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அங்கேதான் பங்க் ஊழியர் மிக மரியாதையாகக் கேட்பார்: "ரவுண்டா போட்டுறலாமுங்களா?" வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். ரூபாயை முழு எண்ணாக்கப் போடும் அந்தக் கடைசி அழுத்தங்களில் முக்கால் லிட்டர் கூட உள்ளே போய்விடும். கணக்கும் கெடும், டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியில் திரவம் புகுந்து அதுவும் கெடும்.

நிரப்பியவுடன் டிரிப் மீட்டர்கள் இரண்டில் பி-யைப் பூஜ்யமாக்கி, அதன் சராசரி மைலேஜையும் புதிதாகத் தொடங்குங்கள். சில கார்களில் பெட்ரோல் போட்டவுடன் சராசரி தானாகவே அழிந்து மறுபடி தொடங்கும். அந்த வசதியை அமைப்புகளில் போய் நிறுத்திவிட வேண்டும். பிறகு வழக்கம்போல் ஓட்டுங்கள். இடையில் பல்லடத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் காங்கேயத்தில் ஐந்நூறு ரூபாய்க்கும் போட்டாலும் குற்றமில்லை, ஏனெனில் துல்லியம் தேவைப்படுவது முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் மட்டுமே. நடுவில் வருபவற்றுக்கு பில்லில் உள்ள லிட்டரைக் குறித்து வைத்தால் போதும். ஆட்டோ கட்டால் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம் என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டரில் நிறுத்தியவருக்குப் பத்து சதவீதப் பிழை, 100 லிட்டர் வரை பொறுத்தவருக்கு ஒரு சதவீதம். அதனால் 100 லிட்டருக்குக் குறைந்து கணக்கை முடிக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

கடைசியில் அதே கன்னில் நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். முதல் நிரப்பலின் லிட்டரைச் சேர்க்கக் கூடாது. அது தொடக்கக் கோடு மட்டுமே. ஒவ்வொரு டேங்கின் மைலேஜையும் கூட்டிச் சராசரி எடுப்பதும் கூடாது. ஊருக்குள் 200 கிலோமீட்டர் 16 மைலேஜில் ஓட 12.5 லிட்டர், நெடுஞ்சாலையில் 700 கிலோமீட்டர் 25 மைலேஜில் ஓட 28 லிட்டர் என்றால், உண்மையான மைலேஜ் 900-ஐ 40.5-ஆல் வகுத்த 22.2; வெறும் சராசரியோ 20.5 என்று சொல்லும்.

கிடைத்த எண் 23.0, டிரிப் பி காட்டுவது 24.2 என்று வைத்துக்கொள்வோம். 23.0-ஐ 24.2-ஆல் வகுத்தால் 0.95. இதுதான் உங்கள் காரின் திருத்த எண். இனி திரை 26 காட்டினால் மனதுக்குள் 24.7 என்று படித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் பங்கில் கணக்குப் போட வேண்டியதில்லை. இரண்டு வழிகளில் எது சிக்கனம், 80-இல் போவதற்கும் 100-இல் போவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பவற்றுக்குத் திருத்தம்கூட வேண்டாம். அங்கே டேங்க் கணக்கைவிடத் திரையே நுட்பமானது.

கிலோமீட்டரும் சரிதானா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள், செங்கப்பள்ளிக்கும் நீலம்பூருக்கும் இடையிலுள்ள ஆறுவழிச் சாலையில் சாலையோரக் கிலோமீட்டர் எண்களைப் பார்த்து இருபது கிலோமீட்டராவது ஓட்டி, டிரிப் மீட்டரோடு ஒப்பிடலாம். சுமார் 690 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் பள்ளம் 8 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆகத் தேய்ந்தால் ஆரம் 1.7 சதவீதம் குறைந்து, ஓடோமீட்டர் அந்த அளவுக்கு அதிகம் காட்டும். டேங்க் கணக்கும் திரைக் கணக்கும் அப்போது சேர்ந்தே உயர்கின்றன. உண்மையான மைலேஜ் இரண்டையும்விடக் குறைவு.

பின்னாளில் மைலேஜ் குறைந்ததாகத் தோன்றும்போது இந்தத் திருத்த எண் கைகொடுக்கும். திரையும் டேங்கும் ஒன்றாக இறங்கினால் காரணம் டயர் காற்று, சாலை, ஏசி, ஓட்டும் விதம் அல்லது பெட்ரோலில் இருக்கிறது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் இந்த வகையைச் சேர்ந்தது: எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதை ஈடுகட்ட, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் சொல்படி இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறக்கிறது, அந்த நேரமும் திரையின் கணக்கில் ஏறிவிடுகிறது. திரை மாறாமல் டேங்க் கணக்கு மட்டும் இறங்கினால் கசிவையோ பங்கின் அளவையோ சந்தேகிக்கலாம். பங்குகளில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். அந்தச் சோதனையில் தேறிய பங்கின்மேல் ஐந்து சதவீத இடைவெளியைச் சுமத்த முடியாது. மாறாக, டேங்க் கணக்கு அப்படியே இருக்கத் திரை மட்டும் இறங்கினால், அடைப்பு விழுந்த இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்தும் குறைவாகத் தெளிக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லலாம்.

விளம்பரத்தில் வரும் எண்ணை இந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டாம். ஹைரைடருக்கும் கிராண்ட் விட்டாராவுக்கும் 2022-இல் அறிவிக்கப்பட்ட 27.97, அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகம் கொண்ட ஒரு வரையறுத்த ஓட்டத்தை ஆய்வுக்கூட உருளைகள்மேல் ஓட்டி எடுத்தது. அவிநாசி சாலையின் சிக்னல்கள் அதில் இல்லை. டயர் மாற்றினால் கிலோமீட்டர் சோதனையை மட்டும் மறுபடி செய்யுங்கள். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தாலோ, சர்வீஸில் கணினியின் மென்பொருளைப் புதுப்பித்தாலோ, பழைய 0.95-ஐ அடித்துவிட்டு மறுநாள் காலையில் அதே கன்னில் நிரப்பி, டிரிப் பி-யை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்.