கால்குலஸ் இல்லாத ஃபிசிக்ஸ்: எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் ஃபிசிக்ஸ் வகுப்பு பெரும்பாலும் இரண்டு தடமாக ஓடும். இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ் படிப்பவர்களுக்கு கால்குலஸோடு ஒன்று. டாக்டர் கனவில் பயாலஜி எடுத்தவர்கள், பிசியோதெரபி, ஃபார்மசி பக்கம் போகிறவர்களுக்கு அல்ஜீப்ராவும் கொஞ்சம் திரிகோணமிதியும் மட்டும் வைத்து இன்னொன்று. இந்த இரண்டாவது வகுப்புக்கு நான் சில வருடம் லேப் எடுத்தேன். சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கான அறையிலும் வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்திருப்பேன். அங்கே பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, மாணவர்கள் கால்குலேட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

முதல் தவறு பதிவு செய்யும் நாளிலேயே தொடங்குகிறது. "கால்குலஸ் இல்லையாம், அப்போ ஈஸி" என்று நினைப்பது. கால்குலஸ் இல்லை என்றால் கணக்கு போடும் கருவி ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். யோசிக்க வேண்டியது குறைவதில்லை. விசை, ஆற்றல், திரவங்கள், வெப்பம், அலைகள் என்று ஒரே செமஸ்டரில் அடைத்துத் தள்ளுவார்கள். நாளைக்கு இன்ஜினியரிங் பக்கம் மாறலாம் என்ற எண்ணம் துளி இருந்தாலும் இதை எடுக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே இதை ஏற்க மாட்டார்கள், கால்குலஸ் வகுப்பை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

சரி, உள்ளே வந்துவிட்டோம். இங்கே பெரிய பள்ளம் விசை. ஒரு பந்தை மேலே எறிகிறோம். கையை விட்டுக் கிளம்பி, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிடலாம். இப்போது பந்தின் மேல் என்னென்ன விசைகள்? படம் போடச் சொன்னால் பலரும் கீழே ஒரு அம்பு போட்டு ஈர்ப்பு என்று எழுதுவார்கள், மேலே இன்னொரு அம்பு போட்டு 'எறிந்த விசை' என்று எழுதுவார்கள். மேலே போகிறதே, அப்போ மேலே ஏதோ தள்ளத்தானே வேண்டும்? வேண்டாம். கை விட்டுப்போன பிறகு அந்தப் பந்தை யாரும் தள்ளவில்லை. ஈர்ப்பு மட்டும்தான் இருக்கிறது, அது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. உச்சியில் ஒரு கணம் வேகம் பூஜ்யம், ஆனால் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், அப்போதும் அதே 9.8 (ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர்). அதுவும் பூஜ்யமாகிவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றே ஒன்று. போடும் ஒவ்வொரு அம்புக்கும் சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். பூமி இழுக்கிறதா, கயிறு இழுக்கிறதா, தரை தள்ளுகிறதா? பதில் வரவில்லை என்றால் அந்த அம்பை அழித்துவிடுங்கள்.

இது மக்கு மாணவர்களின் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். 1992-இல் அமெரிக்க ஃபிசிக்ஸ் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டினஸும் அவருடைய சகாக்களும் விசையைப் பற்றி ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஒரு கணக்கும் கிடையாது, எல்லாம் அன்றாட நிகழ்வைச் சொல்லி என்ன நடக்கும் என்று கேட்பவை. ஹார்வர்டில் டாக்டர் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கு ஃபிசிக்ஸ் நடத்திக்கொண்டிருந்த எரிக் மசூர், இதற்கு முன்பே ஹெஸ்டினஸ் சகாவோடு வெளியிட்டிருந்த இதே மாதிரிக் கேள்விகளைத் தன் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் நடத்தியபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று. மசூர் பாடம் நடத்தும் முறையையே அதற்கப்புறம் மாற்றிக்கொண்டார். 1998-இல் ரிச்சர்ட் ஹேக் என்ற ஃபிசிக்ஸ் பேராசிரியர், இந்த மாதிரிக் கேள்வித்தாள்களில் 62 வகுப்புகளின், 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த மதிப்பெண்ணைத் தொகுத்துப் பார்த்தார். ஆசிரியர் பேச மாணவர் கேட்டுக்கொண்டிருந்த வகுப்புகளில், செமஸ்டர் தொடக்கத்தில் தெரியாமலிருந்ததில் சராசரியாக 23 சதவீதத்தைத்தான் முடிவில் பிடித்திருந்தார்கள். அதாவது வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுப்பதால் மட்டும் இந்தப் பழைய எண்ணம் போகாது. பந்து, லிஃப்ட், சாய்தளம் என்று நீங்களே படம் போட்டு, தப்பாகப் போட்டு, திட்டு வாங்கினால்தான் போகும்.

சாய்தளம் என்றதும் அடுத்தது வருகிறது. தரை தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் நார்மல் விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 5 கிலோ பெட்டி 30 டிகிரி சரிவில் இருந்தாலும் 49 நியூட்டன் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சரிவில் அது எடையில் ஒரு பங்குதான்: 49-ஐ காஸ் 30-ஆல் பெருக்கினால் சுமார் 42.4. "காஸா, சைனா?" என்று அடுத்த குழப்பம் வரும். அதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சரிவை மனதுக்குள் படுக்கவைத்துப் பாருங்கள், கோணம் பூஜ்யம். சமதரையில் நார்மல் விசை முழு எடையாக இருக்க வேண்டும். காஸ் பூஜ்யம் 1, சைன் பூஜ்யம் 0. எது பொருந்துகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

அப்புறம் ஃபார்முலா வேட்டை. கேள்வியில் என்னென்ன எழுத்து கொடுத்திருக்கிறது, ஃபார்முலா தாளில் எந்த வரியில் அதே எழுத்துகள் இருக்கின்றன என்று கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல பார்ப்பார்கள். நம் ஊர் பிளஸ் டூ முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் தூக்கல். வேகமாகப் போடவும் வரும். ஆனால் வேகம், தூரம், நேரம் என்று வரும் அந்த நாலு சமன்பாடும் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே செல்லும். சுருள்வில் தள்ளும் வண்டிக்கு அதைப் போட்டால், விடை அழகாக வரும், தப்பாக வரும். வில் விரிய விரிய விசை குறைகிறதே. அங்கே ஆற்றலை வைத்துத்தான் போக வேண்டும்.

ஒரு சாயங்காலம் ஒரு தமிழ்ப் பையன் தாளை நீட்டினான். "அண்ணா, இதுல மாஸ் குடுக்கவே இல்ல. கேள்வியே தப்புன்னு நினைக்கிறேன்." நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் கார், சமமான சாலை, பிரேக் போட்டுச் சக்கரம் நான்கும் வழுக்குகின்றன, உராய்வுக் கெழு 0.5, எவ்வளவு தூரத்தில் நிற்கும்? உண்மைதான், நிறை கொடுக்கவில்லை. "எம் என்று எழுத்தாகவே வைத்துப் போடு" என்றேன். உராய்வு விசை மியூ எம்ஜி (மியூ உராய்வுக் கெழு, எம் நிறை, ஜி ஈர்ப்பு முடுக்கம்). அது எம் பெருக்கல் முடுக்கத்துக்குச் சமம். இரண்டு பக்கமும் எம் அடிபட்டுப் போயிற்று. முடுக்கம் 0.5 பெருக்கல் 9.8, அதாவது 4.9. தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுப்பது: 400 வகுத்தல் 9.8, ஏறக்குறைய 41 மீட்டர். பையன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணை முதல் வரியிலேயே போட்டுவிடுவதில் நஷ்டம் இதுதான். கேள்வியில் 1,200 கிலோ என்று கொடுத்திருந்தால் அவன் 5,880 நியூட்டன் என்று கண்டுபிடித்து, மறுபடி 1,200-ஆல் வகுத்து, அதே விடைக்கு வந்திருப்பான். நிறைக்கும் இந்தத் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது கடைசிவரை தெரிந்திருக்காது. எழுத்திலேயே வைத்திருந்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பரீட்சையில் இப்படித்தான் கேட்கிறார்கள். மெடிக்கல் கல்லூரிகளுக்கான எம்கேட் தேர்வில் கால்குலேட்டருக்கே அனுமதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கால்குலேட்டர் தவறுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சைன் 30 அடித்தால் 0.5 வர வேண்டும். -0.988 வந்தால் கருவி டிகிரியில் இல்லை, கோணத்தின் வேறு அலகான ரேடியனில் இருக்கிறது. பரீட்சை அறையில் உட்கார்ந்ததும் முதலில் இதை அடித்துப் பாருங்கள். 8-ஐ 2,000-ஆல் வகுக்க "8 வகுத்தல் 2 பெருக்கல் 10 அடுக்கு 3" என்று அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் 0.004 வராது, 4,000 வரும். நடுவழியில் எண்ணைச் சுருக்காதீர்கள், கடைசியில் சுருக்கலாம். அலகையும் ஒவ்வொரு வரியிலும் கூடவே எழுதுங்கள். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் தொலைந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்ததை இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. அவர்களுக்கே அப்படி.

ஆன்லைன் ஹோம்ஒர்க் வேறு வகைப் பொறி. ஒரு கேள்விக்கு ஐந்து முறை முயலலாம் என்றால் ஐந்தாவது முறைவரை குருட்டாம்போக்கில் அடிப்பார்கள், இல்லாவிட்டால் விடை விற்கும் தளத்தில் பார்த்து எழுதுவார்கள். ஹோம்ஒர்க்கில் 95, மிட்டெர்மில் 40 என்று ஒருத்தி அழுதுகொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் வகுப்பிலிருந்து விலகும் கடைசித் தேதி போய்விட்டிருந்தது. அந்தத் தேதி சிலபஸிலோ கல்லூரி காலண்டரிலோ இருக்கும், முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். சந்தேக அறைக்கும் அப்போதே வரலாம். மூன்றாவது வாரம் நான் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். மிட்டெர்முக்கு முந்தின நாள் நிற்க இடம் இருக்காது.

கடைசியாக லேப். அறிக்கையில் விடை பொருந்தாததற்குக் காரணம் 'மனிதப் பிழை' என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. நான் அந்த இரண்டு வார்த்தைக்கு மதிப்பெண் கொடுத்ததே இல்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டு ஸ்டாப்வாட்சால் நேரம் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விழ ஆகும் நேரமே 0.45 நொடிதான். கண்ணால் பார்த்து விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அளக்கும் நேரத்தில் பாதி அளவுக்குக் கை தடுமாறலாம், ஈர்ப்பு முடுக்கத்தில் நேரத்தின் வர்க்கம் வருவதால் அது இன்னும் பெருகும். இதை எழுதினால் போதும். அடுத்த முறை மாடிப்படியிலிருந்து போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால் நானே ஏணி தூக்கிக்கொண்டு வருவேன்.