ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர்: மியூனிக்கிலிருந்து ரேகன்ஸ்பூர்க் போய்வரும் வழி

ஜெர்மனிக்கு வந்து சில மாதங்களே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். மியூனிக்கில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்திருக்கிறீர்கள், சனிக்கிழமை எங்காவது போகலாம் என்று பேச்சு வருகிறது, ஒருவர் பெர்லின் என்கிறார், இன்னொருவர் பிராக் என்கிறார், செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறீர்கள். வேண்டாம். சுமார் ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில் டான்யூப் கரையில் ரேகன்ஸ்பூர்க் இருக்கிறது. பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம், 2006-இலிருந்து அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. முதல் பயணத்துக்கு இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது.

முதல் வேலை, டிக்கெட்

நீங்கள் வாங்க வேண்டியது பையர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் டிக்கெட். முதல் ஆளுக்கு ஒரு விலை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் அதைவிடக் குறைவான ஒரு தொகை சேரும், அதிகபட்சம் 5 பேர். அதனால் ஐந்து பேர் சேர்ந்து போனால் தலைக்கு விழும் பங்கு நன்றாகக் குறைந்துவிடும். சனி, ஞாயிறு என்றால் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான், அதற்கு முன்பு கிளம்பும் ரயிலில் ஏறக்கூடாது. இரண்டுக்குமே முடிவு நேரம் மறுநாள் விடியற்காலை 3 மணி.

ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் இது செல்லாது. ஆர்இ, ஆர்பி என்று தொடங்கும் உள்ளூர் ரயில்களில் மட்டும் ஏறுங்கள். மியூனிக்கின் ஊபான் (சுரங்க ரயில்), எஸ்பான் (புறநகர் ரயில்), டிராம், பஸ் எல்லாவற்றிலும் இதே டிக்கெட் போதும், அதனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வருவதற்குத் தனியாக எதுவும் எடுக்காதீர்கள். உங்களில் யாரிடமாவது நாடு முழுவதும் உள்ளூர் வண்டிகளில் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் அவரை இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம், அவருக்கு அதுவே போதும்.

மெஷினில் எடுத்த காகித டிக்கெட் என்றால் பயணம் செய்யும் எல்லோருடைய பெயரையும் பேனாவால் அதில் எழுத வேண்டும். புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஒரு பேனாவும், ஆளுக்கொரு அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ரயிலைத் தேடுவது

ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் மியூனிக் ஹவுப்ட்பான்ஹோஃப், ரேகன்ஸ்பூர்க் ஹவுப்ட்பான்ஹோஃப் (முதன்மை ரயில் நிலையம்) என்று போட்டுவிட்டு, உள்ளூர் ரயில்கள் மட்டும் என்ற தேர்வை இயக்குங்கள். அப்புறம் வண்டி மாறாமல் நேரே போகும் ரயிலைப் பாருங்கள். ஃப்ரைசிங், லாண்ட்ஸ்ஹூட் வழியாகப் போகும். திரும்பி வரும் ரயிலையும் அப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள், கடைசி ரயிலை அல்ல, அதற்கு முந்தையதை.

ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்குப் போக வாயில், கதவு எதுவும் கிடையாது. நேரே நடந்து போய் ஏறலாம், பரிசோதகர் வண்டிக்குள் வருவார். பலகையில் பிளாட்பார எண்ணோடு ஏ, பி, சி என்று எழுத்துகளும் இருக்கும், அவற்றைக் கவனியுங்கள். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து பாதிப் பெட்டிகள் ஓர் ஊருக்கும் மீதிப் பெட்டிகள் வேறோர் ஊருக்கும் போகும். ஒருமுறை வேறு ஊருக்குப் போனபோது எங்களில் ஒருவன் காலியாக இருக்கிறதே என்று பின்பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டான். வண்டி பிரிந்து அவன் ஒரு பக்கம், டிக்கெட்டோடு நாங்கள் நான்கு பேர் இன்னொரு பக்கம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தனியாக டிக்கெட் எடுத்து அவன் எங்களிடம் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஒரே டிக்கெட் என்றால் ஒரே பெட்டி. ஏறும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

வண்டியில் சாப்பிடலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் லாண்ட்ஸ்ஹூட் வருவதற்குள் டப்பா காலியாகிவிடும்.

இறங்கிய பிறகு

ஸ்டேஷன் வாசலிலிருந்து மாக்சிமிலியன் தெருவில் நேராக வடக்கே நடங்கள், கால் மணி நேரத்தில் பழைய நகரம். முதலில் புனித பேதுரு பேராலயம். 105 மீட்டர் உயரக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள், உள்ளே போங்கள். ஒரு தூணில் கபிரியேல் தூதர், எதிர்த் தூணில் மரியா. 1280 வாக்கில் செதுக்கியது. நற்செய்தி சொல்ல வந்த தூதர் பல் தெரியச் சிரிக்கிறார், கன்னம் உப்பியிருக்கிறது, ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது. கல்லில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே இரண்டு நிமிஷம் பேசாமல் நில்லுங்கள்.

பேராலயத்துக்கு வடக்கே ஒரு சந்தில் போர்டா பிரேடோரியா. ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் காலத்தில், கி.பி. 179-இல் முடிந்த ரோமானியப் படைமுகாமின் வாயில் இது. பின்னாளில் எழுந்த கட்டடத்துக்குள் மறைந்து கிடந்து 1885-இல்தான் வெளியே தெரிந்தது. பெரிய பெரிய கல், ஒன்றின் மேல் ஒன்று, வெள்ளைச் சுவருக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கிறது.

அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் கல்பாலம். இந்த ஊருக்கு நான் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான். 1135-இல் தொடங்கி 1146-இல் முடித்தார்கள், 300 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். எண்ணூறு வருஷத்துக்கு இந்த ஊரில் டான்யூபைக் கடக்க வேறு பாலமே இல்லை. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படையே இதன் சில வளைவுகளைத் தகர்த்தது, பிறகு திரும்பக் கட்டினார்கள். இப்போது கார், பஸ் எதுவும் கிடையாது, நடுவில் நின்று கீழே பார்க்கலாம். ஒவ்வொரு தூணின் அடியிலும் தீவு போல ஒரு திட்டு, ஆறு அவற்றுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு ஓடுவதால் தண்ணீர் சுழித்து இரைகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் கொஞ்சம் குரல் உயர்த்த வேண்டியிருக்கும்.

பாலத்தின் உச்சியில் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பேராலயத்தைப் பார்க்கும் ஒரு சின்னச் சிலை உண்டு. பாலம் கட்டியவரும் பேராலயம் கட்டியவரும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்ட, பாலக்காரர் சாத்தானின் உதவியோடு ஜெயித்தாராம். இப்போதுள்ள பேராலயத்தின் வேலை தொடங்கியதே பாலம் முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான். இருந்தாலும் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய கதைதான் இது.

சாப்பாட்டுக்குப் பாலத்தை ஒட்டியே ஆற்றோரத்தில் பழைய சாசேஜ் கடை இருக்கிறது. கரி அடுப்பில் வாட்டிய சின்னச் சாசேஜ், புளித்த முட்டைகோஸ், இனிப்பான கடுகு. அதன் சுவரில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று வருஷம் போட்டுக் கோடு கிழித்திருக்கிறார்கள், சில கோடுகள் தலைக்கு மேலே. பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்கள் ஊருக்குள் போய் பிரெட்சலோ, சீஸ் சேர்த்த ஷ்பெட்ஸ்லெ என்ற முட்டை நூடுல்ஸோ சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள்.

மத்தியானம் நேரமிருந்தால் பழைய நகராட்சி மண்டபம். 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தரச் சபை நடந்த இடம், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், அதனால் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள். பள்ளியில் கோள்களின் விதிகளாகப் படித்தோமே, அந்தக் கெப்ளர் தமக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்க இந்த ஊருக்கு வந்து, 1630 நவம்பரில் இங்கேயே காய்ச்சலில் இறந்தார். அவர் இறந்த வீடு அவர் பெயரிலேயே உள்ள தெருவில் இருக்கிறது. இருவர் மண்டபத்துக்கும் மற்றவர்கள் கெப்ளர் வீட்டுக்கும் பிரிந்து போனால்கூடப் பரவாயில்லை, ஆனால் ரயிலுக்கு முன் கூடும் இடத்தைச் சொல்லி வையுங்கள். நாங்கள் எப்போதும் பேராலய வாசலைத்தான் சொல்வோம்.

திரும்பும்போது பாலத்திலிருந்து ஸ்டேஷனுக்கு மெதுவாக நடந்தால் 25 நிமிஷம் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில்களைத் தூக்கிப் போடாதீர்கள், பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும். பையில் போட்டு மியூனிக்கிற்கே கொண்டுவந்து, திங்கட்கிழமை சூப்பர் மார்க்கெட் மெஷினில் கொடுத்துவிடலாம்.